வாசலில் மாட்டிய முகம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் ஏழாம் நாள், திங்கட்கிழமை முற்பகலில், முகப்பேரிலுள்ள ஒரு தனியார் மேனிலைப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி விஜியை வெளியேற்றியது. அவள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை, கட்டணத்தில் ஒரு காசும் பாக்கி வைக்கவில்லை. காலாண்டுத் தேர்வில் கணிதத்திலும் இயற்பியலிலும் தோற்றாள், அவ்வளவுதான். பொதுத் தேர்வு எழுதுவோரின் பெயர்கள் அரசுக்குப் போகுமுன், தோற்கக்கூடும் என்று தோன்றுகிற பிள்ளைகளைக் களைந்துவிட்டு, மிஞ்சியவர்களை வைத்து நூறு விழுக்காடு தேர்ச்சி என்று சுவரில் எழுதிக்கொள்வது அப்பள்ளியின் வழக்கம். விஜியின் தந்தை வேம்புலியின் முன்னோர் அம்பத்தூர்ப் பக்கத்து வயல்களில் களை பறித்துக் கூலி வாங்கியவர்கள். அவர்கள்கூடப் பயிரைப் பிடுங்கியதில்லை.

தாளாளர் இராமகிருஷ்ணனின் அறையில் வேம்புலி உட்காரவில்லை. எதிரே நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை. ஆவடிப் படைத்துறைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்பைக் கடைந்த கைகள் இரண்டையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றாம் வகுப்பிலிருந்து பெண் இங்கேதான் படிக்கிறாள் என்றார். வீடு மாறியதில் கொஞ்சம் தடுமாறிவிட்டாள், அரையாண்டுக்குள் தேறிவிடுவாள் என்றார். தாளாளர் அதை மறுக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, குடும்பச் சூழ்நிலை காரணமாக மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்று வேம்புலியையே எழுதித் தரச் செய்தார். கழுத்தை அறுப்பதோடு, அறுக்கச் சொல்லி விண்ணப்பமும் வாங்கிக்கொள்வது இவர்களுடைய நாகரிகம். பிறகு, பேனாவின் முனையால் அருகே நின்ற விஜியைச் சுட்டி, அவளிடமல்லாமல் அவள் தந்தையிடம் சொன்னார்:

"நாளையிலேர்ந்து இந்த முகம் நம்ம கேட்டுப் பக்கம் தெரியக் கூடாதுங்க. மத்த பிள்ளைங்க மனசு கெட்டுப் போகும்."

வேம்புலி, "சரிங்க சார்" என்றார். கட்டிய கையை அவிழ்க்காமலேயே குனிந்து கும்பிட முயன்றார். அது கும்பிடாக இல்லை, குளிரில் நடுங்குவது போலிருந்தது. விஜி பார்த்தாள். அந்த ஆண்டில் அவள் பார்த்தவற்றுள் அவள் மறக்க விரும்பாதது அது ஒன்றே.

அவள் தோற்றதற்குக் காரணம் மூளையன்று, மூட்டை முடிச்சு. சூன் மாதக் கடைசியில் வேம்புலி பணி ஓய்வு பெற்றார். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கள்ளிக்குப்பத்தில் கடன்பட்டுக் கட்டிய வீட்டுக்குப் பூச்சு வேலை முடியுமுன்பே குடி போனார்கள். தலைப் பிரசவத்துக்கு அக்கா பேபி வந்து சேர்ந்தாள். அம்மா கன்னியம்மா, தொழிற்பேட்டையில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அப்பாவோ முகப்பேரில் ஓர் அடுக்ககத்துக்குக் காவலாளியானார். பிறந்ததிலிருந்து தொழிற்சாலையின் சங்கொலி கேட்டு எழுந்து, சங்கொலி கேட்டுச் சாப்பிட்ட பெண்ணுக்குக் கள்ளிக்குப்பத்தில் பொழுது எப்போது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கொத்தனார் ஒரு பக்கம் மணல் சலித்துக்கொண்டிருக்க, சிமெண்டு மூட்டையின்மேல் புத்தகத்தை விரித்து வைத்திருந்தபோது, காலாண்டுத் தேர்வு வந்து போய்விட்டது.

அரசுப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பக்கத்து இருக்கைக்காரியான சபீனா, முதல் நாளே அவளுடைய பழைய பையிலிருந்த பள்ளிச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய எடத்து ஸ்கூலு. இன்னாத்துக்கு இங்க வந்த, சுத்திப் பாக்கவா?" என்று கேட்டாள். விஜி அன்றே பிளேடால் தையலைப் பிரித்துச் சின்னத்தைக் கிழித்தெடுத்தாள். கிழித்ததை எறியவில்லை. கணிதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

படிக்க உட்காரும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பாள். வயிறு எரியும். அந்த எரிச்சலோடு ஒரு கணக்கைத் தொடங்குவாள். விடை வந்துவிட்டால், பேனாமுனையால் தன்னைச் சுட்டிய அந்தக் கையில் ஓர் அடி கொடுத்தது போலிருக்கும். வராவிட்டால், அப்பா கைகட்டி நின்றது கண்முன் வரும், மறுபடி போடுவாள். தேர்வு முடிவு வந்த அன்று மதிப்பெண் பட்டியலைக் கொண்டுபோய் அந்த மேசைமேல் வைத்து, "சார், முகத்தைப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். இதற்காகவே அவள் படித்தாள். கல்வி அறிவுக்காக என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். பழிக்காகவும் படிக்கலாம், பாடம் ஏறத்தான் செய்கிறது.

ஆனால் பழி, சொன்ன இடத்தில் நிற்கிற சரக்கன்று. கார்த்திகை மழையில் கூரைத் தளம் ஒழுகிய ஒரு பிற்பகலில், பேபியின் குழந்தை விடாமல் அழுதது. தொகையீட்டுக் கணக்கு ஒன்று மூன்றாம் வரியில் முறுக்கிக்கொண்டு நின்றது. விஜி எழுந்து, தூளியை வெடுக்கென்று இழுத்து ஆட்டி, பிறந்து மாதமாகாத பிள்ளையைப் பார்த்து வாயை மூடு என்று கத்தினாள். குழந்தை மூச்சடக்கி நீலம் பாய்ந்து, பிறகு வீறிட்டது. பேபி சமையலறையிலிருந்து வந்தாள். குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"ஏன்டி, உன் மூஞ்சிய பாக்க மாட்டேன்னவன் முகப்பேர்ல ஏசி ரூம்ல குந்திகினு கீறான். என் புள்ள உன்ன இன்னா பண்ணுச்சி? அந்தாளு மேல கீற கோவத்த அவனாண்ட வச்சிக்க. ஊட்டுக்குள்ள இட்டுகினு வராத."

விஜியின் கண்ணீர் புத்தகத்தில் விழுந்தது. பேபி குழந்தையைத் தூளியில் போட்டாள். தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை விஜியின் கால் கட்டை விரலில் மாட்டினாள்.

"ஆட்டிகினே படி. நான் கொஞ்சம் கண்ண மூடறேன். அவன் எய்ந்தா நீதான் டீச்சரு, நீயே சமாளி."

அன்றிலிருந்து அப்படித்தான் படித்தாள். கால் தூளியை ஆட்ட, கை கணக்குப் போட்டது. தூளி சீராக ஆட வேண்டுமானால் மூச்சு சீராக இருக்க வேண்டும். கோபம் தலைக்கேறினால் கால் உதறும், குழந்தை விழித்துக்கொள்ளும். ஆகவே கோபத்துக்கு அவள் ஓர் எல்லை வகுத்தாள்: புத்தகம் திறந்திருக்கும் வரையில் அது உள்ளே வரலாம், புத்தகத்தை மூடினால் வெளியே போய்விட வேண்டும். அம்மா தையல் கம்பெனியிலிருந்து வந்ததும் விஜி புத்தகத்தை மூடிவிடுவாள். இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். சேர்ந்து பாத்திரம் துலக்குவார்கள். கம்பெனியில் சூப்பர்வைசர் பேசும் தோரணையைக் கன்னியம்மா நடித்துக் காட்டுவாள். பிறகு விஜி நேரத்தோடு உறங்கிவிடுவாள். சங்கு ஊதாத ஊரில் தூளிக் கயிறு அவளுக்குச் சங்காயிற்று.

மே மாதம் முடிவு வந்தது. கணிதத்தில் நூற்றுக்கு நூறு. அரசுப் பள்ளியில் அவளே முதல். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு முகப்பேருக்குப் புறப்படத் தலை சீவிக்கொண்டிருந்தபோது சபீனா வந்தாள். தன் கைப்பேசியை நீட்டினாள்.

பழைய பள்ளியின் வாசலில், நுழைவளைவின் குறுக்கே ஒரு பெரிய பதாகை. நடுவில், மற்றவர்களைவிடப் பெரிதாக, விஜியின் முகம். பதினொன்றாம் வகுப்பில் எடுத்த படம். கழுத்துப் பட்டையும் சட்டையில் அதே சின்னமும் இருந்தன. கீழே, "எங்கள் பள்ளியில் பயின்று கணிதத்தில் சதமடித்த செல்வி" என்று எழுதியிருந்தது. பயின்றாள் என்பது பொய்யன்று. அந்தப் பதாகையின் அயோக்கியத்தனமே அதில்தான் இருந்தது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அவள் தீட்டி வைத்த கத்தியை, அந்த மனிதர் உருவித் தம் இடுப்பில் அணியாகச் செருகிக்கொண்டார். இனி அவள் மதிப்பெண்ணைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

அதைவிடக் கொடுமை மாலையில் வந்தது. வேம்புலி கையில் இனிப்புப் பெட்டியோடு வீடு திரும்பினார். பதாகையின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாராம். அடுக்ககத்தில் எல்லாரிடமும் காட்டினாராம்.

"நம்ம புள்ள மூஞ்சி ரோட்ல அம்மாம் பெர்சா கீது. பஸ்ல போறவன்லாம் பாக்கறான்" என்றார்.

விஜி இனிப்பை எடுக்கவில்லை.

"நைனா, அன்னிக்கு அந்தாளு எதிர்ல நீ கைகட்டிகினு நின்ன. அத்த நெனைச்சி நெனைச்சிதான் நான் படிச்சேன். அந்த மார்க்க அவன் எட்த்துகினான். நீ அவனுக்கு சுவீட்டு வாங்கியாந்து கீற."

வேம்புலி பெட்டியை மூடினார். அதன் அட்டையை விரலால் நெடுநேரம் நீவிக்கொண்டிருந்தார். பிறகு, என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டார். தன் முகம் தனக்கு வேண்டும் என்றாள் விஜி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா எழுந்துபோய், துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மகள் மடியில் வைத்தாள்.

"கோணலா வெட்டாத. நம்ம மானம் போயிடும்" என்றாள்.

மறுநாள் முற்பகல் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு விண்ணப்பம் வாங்குவோர் வரிசை பள்ளி வாசலிலிருந்து தெருமுனை வரை நீண்டிருந்தது. வேம்புலி தாம் காவல் காக்கும் அடுக்ககத்தில் கேட்டு வாங்கிய ஏணியைத் தோளில் சுமந்து வந்தார். பதாகை கட்ட வந்தவர் என்றெண்ணி வரிசை வழி விட்டது. நுழைவளைவில் ஏணியைச் சாய்த்தார். விஜி ஏறினாள். பதாகையில் சிரிக்கும் முகமும் ஏணியில் சிரிக்காத முகமும் அருகருகே வந்தபோதுதான், வரிசையிலிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்துப் பக்கத்திலிருந்தவளை இடித்தாள். கத்தரிக்கோல் பதாகை முகத்தின் நெற்றிக்கு மேலே துளைத்து இறங்கியது. பிளெக்ஸ் கிழிகிற ஓசை வண்டி இரைச்சலையும் மீறிக் கேட்டது.

தாளாளர் விரைந்து வந்தார். வரிசையைப் பார்த்ததும் முகத்தில் ஒரு புன்னகையைப் பொருத்திக்கொண்டார். விஜிக்குப் பாராட்டு விழா ஏற்பாடாகிறது, பொன்னாடை இருக்கிறது, மடிக்கணினிகூட உண்டு, முதலில் இறங்கி உள்ளே வரட்டும் என்றார். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"இந்த முகம் கேட்டாண்ட தெரியக் கூடாதுன்னீங்களே சார்" என்றாள் விஜி, ஏணியிலிருந்தபடியே. "அதான் எட்த்துகினு போறேன்."

வரிசையிலிருந்த அந்த அம்மாள், "ஏம்மா, நீ இங்க பாஸ் பண்ணலியா?" என்று கேட்டாள்.

"இங்க என்ன பரீச்சையே எழுத உடலக்கா. காலாண்டுல பெயிலுன்னு டிசி குட்த்து அனுப்பிட்டாங்க."

தாளாளர் வேம்புலியின் பக்கம் திரும்பினார். பழைய குரல் வந்துவிட்டது.

"நீங்களா எழுதிக் குடுத்துட்டுத்தானே போனீங்க? இப்ப என்னங்க இது?"

"ஆமா சார், எய்திக் குட்த்தேன்" என்றார் வேம்புலி. "இப்ப ரெண்டு கையும் ஏணியப் புட்ச்சிகினு கீது சார். கட்ட முடியாது."

வரிசையில் யாரோ சிரித்தார். தாளாளர் உள்ளே போனார். நடந்துதான் போனார், ஆனால் அது ஓட்டம். விஜி தாடையைச் சுற்றி வெட்டி முடித்தாள். அம்மா சொன்னபடியே, ஒரு பிசிறில்லாமல் வெட்டியிருந்தாள். முகத்தைச் சுருட்டி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஏழு மாதம் கழித்து முதன்முறையாக வயிற்றில் எரிச்சல் இல்லை, அந்த இடம் வெறுமையாக இருந்தது, பசித்தது.

வரிசையில் சிலர் விலகிப் போனார்கள், பலர் போகவில்லை. இடம் பிடித்து நின்றவர்களுக்கு வெயிலைவிட விண்ணப்பம் பெரிது. பதாகையும் அங்கேயே தொங்குகிறது. கழுத்துப் பட்டை இருக்கிறது, சின்னம் இருக்கிறது, நூற்றுக்கு நூறு இருக்கிறது, மேலே முகமில்லை. அந்த வெட்டுவாயின் வழியே பள்ளி வளாகத்துப் புங்கமரத்தின் ஒரு கிளை தெரிகிறது. காற்றடித்தால் அது உள்ளிருந்து தலையாட்டுகிறது.

உங்கள் பிள்ளைக்கு இடம் தேடி நீங்களும் ஒரு நாள் அப்படியொரு வாசலில் நிற்பீர்கள். அன்று கையிலிருக்கும் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, தலையை நிமிர்த்துங்கள். அங்கே சிரிக்கிற முகங்களை எண்ண வேண்டா. பதாகையில் இல்லாத முகங்கள் எங்கே என்று, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி, உரக்கக் கேளுங்கள்.