நாத்தனார் கையில் ஊசி

என் நாத்தனாரும் நானும் ஒரே வீடு, ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் நர்சுகள். வீட்டில் நான் வைக்கும் குழம்பை அவர் ருசி பார்க்காமல் இறக்க முடியாது. வார்டில் கதையே தலைகீழ். இன்சுலின் போன்ற மருந்தை இரண்டு நர்சுகள் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இவரோ ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு வந்து, "சீக்கிரம் கையெழுத்துப் போடு" என்பார். கணவரின் அக்கா ஆயிற்றே. மருந்தைப் பார்த்தால் அவரையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று நானும் போட்டுவிடுவேன்.

அன்று காலையில் விருந்தாளிகள் முன்னால் என் சமையலைக் குத்திக்காட்டியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உண்மையைச் சொன்னால், அந்த வீம்பில்தான், அவர் இன்சுலின் ஊசியோடு வந்தபோது கையெழுத்துப் போடாமல் அவர் பின்னாலேயே ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனேன்.

"ஐயா, உங்க பேர் என்ன?"

"ஜன்னல் கட்டில் சர்க்கரைக்காரர்தான்டி. எனக்குத் தெரியாதா?" நாத்தனார் முறைத்தார்.

"அவரே சொல்லட்டும் அண்ணி."

கட்டிலில் இருந்தவர் சொன்ன பெயர் மருந்துச் சீட்டில் இருந்த பெயர் இல்லை. கைப்பட்டையிலும் அவர் சொன்ன பெயரே இருந்தது.

"எதிர்க் கட்டில்காரருக்குக் காத்து ஒத்துக்கலையாம். நாங்களே கட்டிலை மாத்திக்கிட்டோம்" என்று சிரித்தார் அந்த மனிதர். அவருக்குச் சர்க்கரையே கிடையாது. அந்த ஊசி ஏறியிருந்தால் உயிரே போயிருக்கலாம்.

நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. வெளியே சொன்னால் அவர் மானம் போகும், வீட்டில் என் நிம்மதியும் போகும். சொல்லாமல் விட்டால் நாளைக்கு இன்னொரு கட்டிலில் இதே கதை நடக்கும். மதியம்வரை வாயைத் திறக்கவே பயந்தேன்.

ஷிப்டு மாறும் நேரத்தில் எல்லார் முன்னாலும் அவரே ஆரம்பித்தார். "இன்னைக்கு ஆளைப் பார்க்காம, கட்டிலைப் பார்த்து ஊசி போட இருந்தேன். இவதான் தடுத்தா."

தலைமை நர்ஸ் திட்டவில்லை. "நல்லவேளை, நீங்களே சொன்னீங்க. இனிமே எல்லாரும் பேரைக் கேட்டுட்டுத்தான் ஊசியைத் தொடணும்" என்றார்.

மறுநாள் நான் மருந்து ஏற்றினேன். நாத்தனார் குப்பியைத் திருப்பிப் பார்த்தார், அளவைப் பார்த்தார், நோயாளியிடம் பெயர் கேட்டார்.

"கோபமா அண்ணி?"

"கோபம்தான். எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு நின்னேன்ல? அதுக்காக உன்னைத் தப்பு பண்ண விட்டுடுவேனா? ஊசியை வெளிச்சத்துல காட்டு."

காட்டினேன். இந்த வார்டுக்கு வந்ததிலிருந்து, பயமில்லாமல் நான் ஊசி பிடித்தது அன்றைக்குத்தான்.