அவள் சொல்லாமல் போன பெயர்

கறிக்கடைக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் அடிதடிக்குப் பேர்போனவர். சந்தையில் யாராவது முறைத்துப் பார்த்தாலே சட்டைக் கையை மடித்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனை ஒருத்தி சத்தம்கூடப் போடாமல் வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்று தெருவே கேலி பேசும். அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தெருப் பிள்ளைகளை வைத்துப் பிரார்த்தனைக் கூடத்தில் அவள் போடும் நாடகத்தில் அவருக்குச் சிங்க வேஷம் கொடுத்தாள்.

"உங்க கோபத்தையெல்லாம் மேடையில கர்ஜிச்சுத் தீத்துடுங்க. வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க."

நாடகத்தை எழுதுவதும் அவள், பாட்டுக்கு மெட்டுப் போடுவதும் அவள். பழைய திரைச்சீலையைக் கிழித்து உடுப்புத் தைப்பாள். காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி முகமூடி செய்வாள். விடிந்ததும் முதல் வேலை பிரார்த்தனை. அது முடியும்வரை வீடு தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கணவருக்கோ ஆண்டவனோடு போக்குவரத்தே கிடையாது. "அதான் நீ ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிடுறியே" என்பார்.

சந்தையில் கடை போடும் இடத்துக்காக உள்ளூர்க்காரர்களுக்கும் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் வாய்த்தகராறு மூண்டது. வாய் கைக்கு வந்து, கை கத்திக்கு வந்தது. ஒரு மத்தியானம் முகத்தில் கைக்குட்டை கட்டிய கூட்டம் ஒன்று தெருவுக்குள் புகுந்தது. அவர்கள் தேடி வந்தது எதிர்வீட்டுத் தையல்காரரை. குடிவந்தவர்களில் அவர் குடும்பம்தான் அந்தத் தெருவில் இருந்தது.

தையல்காரரையும் அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் கறிக்கடைக்காரர் மனைவி பின்பக்கமாகக் கூட்டிப்போய்ப் பிரார்த்தனைக் கூடத்துக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டு வாசலில் நின்றுகொண்டாள். அதற்குள் தையல்காரர் வீடு எரியத் தொடங்கியிருந்தது. தையல் மெஷினைத் தெருவில் போட்டுச் சம்மட்டியால் நொறுக்கினார்கள். பிறகு கூடத்தை நோக்கித் திரும்பினார்கள்.

யாரோ ஓடிவந்து சொல்ல, கறிக்கடைக்காரர் வெட்டுக்கத்தியோடு பாய்ந்து வந்தார். அவர் தெருமுனையைத் தாண்டியபோது, அவள் வாசலில் நின்று கையை நீட்டி யாரையோ திட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. கூச்சலில் என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்தது. அவள் நெற்றிப்பொட்டைப் பொத்திக்கொண்டு கதவில் சாய்ந்தபடியே சரிந்தாள்.

அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்று அவருக்கே சரியாக நினைவில்லை. ஒருவன் தோள்பட்டையில் கத்தி இறங்கி எலும்பில் சிக்கியது, உதைத்துப் பிடுங்கினார். இன்னொருவன் காதோடு கைக்குட்டை போயிற்று. பின்னாலிருந்து இரும்புக்குழாய் மண்டையில் விழுந்தது. கண்ணை மறைத்த ரத்தத்தோடு குத்துமதிப்பாக வீசிக்கொண்டே இருந்தார். கூட்டம் கலைந்து ஓடியது. கூடத்தின் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

அவள் பிழைத்தாள். ஆனால் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. போலீஸ் வந்து கட்டிலருகே நாற்காலி போட்டுக் கேட்டது: "யாரும்மா எறிஞ்சது?" தெரியாது என்று அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

போலீஸ் போனதும் கணவர் குனிந்து கேட்டார். "உனக்குத் தெரியும். உன் கண்ணைப் பாத்தாலே தெரியுது. எங்கிட்ட மட்டும் சொல்லு."

"ஆண்டவன்கிட்ட சொல்லிட்டேன்." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் பேசினாள். "உங்ககிட்ட சொன்னா வெட்டிப்போட்டுடுவீங்க."

"வெட்டாம மாலையா போடச் சொல்ற?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடது கையாலேயே அவள் காகிதக்கூழ் பிசைந்தாள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு கழுதை முகம் ஒன்றும் காக்கை முகம் ஒன்றும் செய்து முடித்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் வந்ததும் புது நாடகத்தின் வசனத்தைக் குழறிக் குழறிச் சொல்லி நடிக்கவைப்பாள். தப்பாகச் சொன்னால் முறைப்பாள். மூன்றாவது முகத்துக்கு மூக்கு வைக்குமுன் ஒரு விடியலில், பிரார்த்தனைக்கு உட்காரவைத்த மகளின் தோளிலேயே சாய்ந்து அடங்கிவிட்டாள்.

சில வாரம் கழித்துப் பிரார்த்தனைக் கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பேச எழுந்தவர் எல்லாரும் பக்தி என்றார்கள், பொறுமை என்றார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கறிக்கடைக்காரருக்கு, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. ஒத்திகையில் வசனம் மறந்தவனின் காதைத் திருகியவளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கடைசியில் தையல்காரர் எழுந்தார். வாயைத் திறக்குமுன்பே அழுதுவிட்டார்.

"நான் கதவுக்கு இந்தப் பக்கம் நடுங்கிக்கிட்டு நிக்கிறேன். அந்தப் பக்கம் அக்கா கொஞ்சம்கூடப் பயப்படல. 'டேய் முயலு, முகத்தை மூடிட்டா எனக்குத் தெரியாதாடா? நடையிலேயே தெரியுதே! கல்லைக் கீழ போடு'ன்னு சத்தம் போடறாங்க…"

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

முயல் யாரென்று எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் அவள் நாடகத்தில் முயலாக நடித்து, அந்தப் பெயரே நிலைத்துவிட்டவன். இப்போது டயர் கடை வைத்திருக்கிறான்.

"அப்பா, வேண்டாம்" என்று மகள் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு நடந்தார்.

முயல் லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவர் வந்த வேகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து, கையிலிருந்த ஸ்பேனரை வீசினான். அது அவர் வாயில் பட்டது. பல்லைத் துப்பிவிட்டு அவர் அவன் மேல் விழுந்தார். டயர் அடுக்கு சரிந்தது. அவன் அவர் மணிக்கட்டைக் கடித்தான், கண்ணில் விரலை விட்டான். அவனும் உயிருக்குத்தானே போராடினான்! ஆனால் தினம் தினம் மாட்டுத் தொடையைத் தோளில் தூக்கும் உடம்புக்கு அவன் ஈடாகவில்லை. கழுத்தைப் பிடித்துத் தரையில் இரண்டு முறை மோதினார். மூக்கு உடைந்தது.

"அத்தையைக் குறிவச்சு எறியல மாமா!" என்று அலறினான். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, எல்லாரும் என்னைப் பாத்தாங்க… கதவுலதான் எறிஞ்சேன்!"

"எந்தக் கையால?"

அவன் வலது கையை உடம்புக்குக் கீழே ஒளித்தான். அவர் அதை இழுத்துத் தரையில் வைத்து, டயர் கழற்றும் கடப்பாரையை எடுத்து இறக்கினார். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கினார். இந்த முறை தலைக்கு.

பின்னாலேயே ஓடிவந்த மகள் நடுவில் விழுந்தாள். கடப்பாரை அவள் முன்னங்கையில் இறங்கியது.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். எலும்பு தோலைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. கறிக்கடைக்காரர் கடப்பாரையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். தம் சட்டையைக் கழற்றி மகளின் கையைக் கட்ட முயன்றார்; ரத்தம் வழுக்கியதில் முடிச்சு விழவில்லை. போலீஸ் வந்து தூக்கும்வரை அந்த முடிச்சைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

மாவுக்கட்டோடு மகள் சிறைக்குப் பார்க்க வந்தாள். கல்லெறிந்தது தான்தான் என்று முயல் போலீஸில் ஒப்புக்கொண்டுவிட்டான் என்றாள். அவன் கை இனி முழுதாக மூடாதாம்.

"நீங்க செஞ்சது அம்மாவுக்குப் பிடிச்சிருக்காதுப்பா."

"தெரியும்."

"வருத்தமா இருக்கா?"

"உன் கையை நினைச்சா சோறு இறங்கல."

"அவன் கையை நினைச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. "இன்னும் இல்லம்மா" என்றார்.

மகள் அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "தையல்காரர் மாமா வெளிய நிக்கறார். அவர் வாயாலதான் எல்லாம் வந்ததுன்னு சாப்பிடாம கிடக்கறார். உங்க முகத்துல முழிக்கப் பயமா இருக்காம்."

"வரச் சொல்லு."

தையல்காரர் தலை குனிந்தபடி வந்து நின்றார். "அண்ணே, அக்கா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. நான்…"

"அதை விடு." கறிக்கடைக்காரர் கம்பியருகே நகர்ந்து உட்கார்ந்தார். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து பேச்சு சீறியது. "நான் தெருமுனையிலதான் இருந்தேன், ஒண்ணும் காதுல விழல. நீ பக்கத்துல இருந்த. பூட்டைப் போட்டதுல இருந்து அவ என்னென்ன சொன்னா? ஒண்ணு விடாம சொல்லு."

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல எங்களைத்தான் திட்டினாங்க, அண்ணே. 'குழந்தை வாயைப் பொத்தாதய்யா, மூச்சு முட்டப்போகுது. அழுதா அழட்டும், நான் அதைவிடச் சத்தமாப் பேசிக்கிறேன்'னாங்க."

"அவதான்" என்றார் கறிக்கடைக்காரர். "அப்புறம்?"