இரைச்சல் இல்லாத ரேடியோ

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கமலவேணி ரேடியோ கேட்டபோது, கடைக்காரன் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து நீட்டினான்.

"செல்லுலயே எல்லாம் வருதேக்கா. ரேடியோவெல்லாம் இப்ப யாரு கேக்கறாங்க?"

"எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதுப்பா. செல்லத் தடவிட்டு உக்காந்திருக்க முடியாது. திருகினா பாடணும். சட்டப் பையில அடங்கணும்."

பழைய சார்ஜர்களுக்கும் ரிமோட்டுகளுக்கும் அடியிலிருந்து உள்ளங்கை அளவில் ஒன்றைத் தேடி எடுத்தான். பேட்டரி போட்டதும் வீதி முழுக்கக் கேட்கிற மாதிரிப் பாடியது. அதை வாங்கிக்கொண்டு அங்கிருந்தே பஸ் ஏறினாள்.

அவள் கணவன் மதிவாணன் மில்லில் தறி ஓட்டியவன். மில் மூடிய பிறகு ஒரு ஓட்டலில் வாட்ச்மேன். சர்க்கரை முதலில் காலைத் தொட்டது, அப்புறம் கண்ணுக்கு ஏறியது. பெரியாஸ்பத்திரியில் லேசர் வைத்துப் பார்த்துவிட்டு, வந்தது தாமதம் என்றார்கள். முத்தியால்பேட்டையில் அவர்கள் குடியிருந்தது மொட்டைமாடியில் ஒற்றை அறை. படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. கமலவேணி சோப்பு கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அவன் அந்தப் படியில் உருண்டு தோளை உடைத்துக்கொண்டான்.

பார்க்க வந்த தம்பி கண்ணையன், "அண்ணன் எங்கூட இருக்கட்டும் அண்ணி. தரையோட ஊடு. எம் பொஞ்சாதி செல்வாம்பா பாத்துக்குவா" என்று பாகூருக்கு அப்பாலிருந்த தன் ஊருக்கு அழைத்துப் போனான். கமலவேணிக்கும் மதிவாணனுக்கும் பிள்ளை இல்லை. கமலவேணி வேலையை விட்டால் சோறு இல்லை. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்படிப் போன ஒரு வாரம்தான் அவன் கேட்டான்: "பொழுது போவல வேணி. ஒரு ரேடியோ வாங்கினு வா." கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

பஸ்ஸில் ரேடியோவைக் காதோரம் வைத்துக்கொண்டாள். நோணாங்குப்பம் பாலம் தாண்டும்போதுகூடப் பாட்டு தெளிவாக இருந்தது. பெரிய ரோட்டை விட்டு வயல்களுக்குள் பஸ் திரும்பியதும் பாட்டுக்குள் மணல் விழுந்தது. கண்ணையன் வீட்டில், சமையல்கட்டை ஒட்டித் தகரம் போட்ட சாய்ப்புதான் மதிவாணனுக்கு இடம். அதற்குள் போனதும் வெறும் இரைச்சல். அவன் கட்டைவிரலால் மெதுவாகத் திருகித் திருகிப் பார்த்தான்.

"வேற கெடச்சா பாரு" என்றான். "தெளிவா வரணும்."

"வெளிய மரத்தடியில உக்காந்து கேளுங்களேன். அங்க கொஞ்சம் வருது."

"இல்ல. இங்க வரணும்."

அடுத்த வாரம் கம்பி நீளமாக இழுக்கிற ஒன்றை வாங்கிப் போனாள். அதுவும் தகரத்துக்கு அடியில் சீறியது. நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினாள். 'கிராமத்துலயும் நல்லா எடுக்கும்' என்று சொல்லித்தான் எல்லாரும் விற்றார்கள். எடுக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாள் ஜொசியான் கீழ்த்தளத்தில் தனியாக இருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புருஷன் இறந்துவிட்டான், பென்ஷன் வந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் பிரான்சில். ஒரு சாயங்காலம் கமலவேணி மாடிப்படியில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த சத்தம் கேட்டு வெளியே வந்தாள்.

"இன்னா இரைச்சல் கமலா அது?"

கமலவேணி சொன்னாள். ஜொசியான் உள்ளே போய், தோலுறை போட்ட சின்ன ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்தாள். கனமாக இருந்தது.

"எங்க ஊட்டு முசியே காலையில எழுந்ததும் இதுலதான் மெத்தியோ கேப்பாரு. மழ வருமா, காத்தடிக்குமான்னு. குடையே எடுக்காத மனுஷன், எதுக்குத்தான் கேட்டாரோ. அவரு போனதுலருந்து நான் தொடல. எடுத்துனு போ."

"பத்தரமா திருப்பித் தந்துடறேன் மதாம்."

"எதுக்கு? என் புள்ளைங்க வந்து குப்பையில போடறதுக்கா?"

அந்த ஞாயிறு, தகரத்துக்கு அடியில், செய்தி வாசிக்கிற பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. கண்ணையனின் மகள் அறிவுமதி ஓடிவந்து, "பெரியப்பா, சூப்பரா வருது!" என்றாள். மதிவாணன் தோலுறையை முகர்ந்து பார்த்தான். சிரித்தான். ஊர் திரும்பும் பஸ்ஸில் கமலவேணிக்கு அந்தச் சிரிப்பிலேயே வயிறு நிறைந்தது.

மறுவாரம் அவள் போனபோது வீட்டு வாசலில் புதிதாக ஒரு கார் நின்றது. உள்ளே பேச்சுக்குரல்கள். பட்டுப்புடவையில் வெளியே வந்த செல்வாம்பாள் அவளைப் பார்த்ததும் தயங்கினாள்.

"அக்கா, அறிவுமதியப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. திடீர்னு முடிவாச்சி, சொல்ல முடியல. மாமா மோட்டார் கொட்டாயில இருக்காரு. நீங்க… பின்பக்கமா போயிடறீங்களா?"

கமலவேணி வரப்பில் நடந்தாள். பாதி வழியிலேயே ரேடியோ கேட்டது. மோட்டார் கொட்டாயில், குழாய்க்குப் பக்கத்தில் கவிழ்த்த பக்கெட்டின்மேல் மதிவாணன் உட்கார்ந்திருந்தான். தோய்த்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. யாரோ அக்கறையாகத்தான் கிளப்பி அனுப்பியிருந்தார்கள். ரேடியோவில் ஒருவன் தெலுங்கில் எதையோ படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"தெலுங்கு உங்களுக்கு எப்பலருந்து தெரியும்?" என்று சத்தத்தைக் குறைத்தாள்.

அவன் பதறிப்போய்த் துழாவி, மறுபடி கூட்டினான். "கொறைக்காத."

"இங்க யாரு இருக்கா? எதுக்கு இவ்ளோ சத்தம்?"

அவன் வரப்புப் பக்கம் காது கொடுத்துக் கேட்டான். பிறகு அவனே ரேடியோவை நிறுத்தினான்.

"சமையக்கட்டுக்கும் என் எடத்துக்கும் நடுவுல ஒத்தக்கல்லு செவுரு வேணி. அவங்க பேசறது எல்லாம் காதுல உழும். பெரியப்பனுக்கு எதால கண்ணு போச்சின்னு மாப்பிள்ளை ஊட்ல கேப்பாங்களே, சக்கர பரம்பரையா வரும்பாங்களேன்னு செல்வாம்பா அழும். கூடப் பொறந்தவன நான் எங்கடி தள்ளுவேன்னு தம்பி கத்துவான். அப்புறம் நான் கேட்டிருப்பேனோன்னு ரெண்டு பேரும் கம்முனு ஆயிடுவாங்க. மறுநா சோறு போடறப்ப செல்வாம்பா கரண்டி தட்டுல கடகடன்னு அடிக்கும். அந்தச் சத்தமே சொல்லிடும்."

"அதுக்கு?"

"ரேடியோ பாடினா எனக்குக் கேக்கலன்னு நெனச்சிக்குவாங்க. மனசு உட்டுப் பேசிக்கட்டும். இங்க பாடற சத்தம் அங்க கேட்டாதான் இன்னிக்கும் நிம்மதியா இருப்பாங்க."

"இரைச்சலே போதுமே அதுக்கு. நான் எத்தினி கடை ஏறி எறங்கனேன்!"

"வெறும் இரைச்சல வெச்சினு ஒருத்தன் உக்காந்திருந்தா எவன் நம்புவான்? நெசமா கேக்கற மாதிரி இருக்கணுமில்ல."

"பாட்டு ஓடும்போது உங்களுக்கு அவங்க பேசறது கேக்கலியா?"

"கண்ணு போனவனுக்குக் காது எங்க போவும்?"

கமலவேணி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். இங்கே வந்து உட்காரச் சொன்னது யார் என்று கேட்டாள். "நாந்தான் சொன்னேன்" என்றான். அது உண்மையாகவும் இருக்கலாம். தம்பி கேட்க முடியாமல் நிற்பது தெரிந்து, அவனே முந்திக்கொண்டிருப்பான்.

கார் கிளம்பிய பிறகு கண்ணையன் தட்டில் கேசரியும் பஜ்ஜியும் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடிவந்தான்.

"அண்ணே, முடிஞ்ச மாதிரிதான்! அவங்களுக்குப் புடிச்சிப்போச்சி!"

மதிவாணன் எழுந்து, தம்பியின் தோளைத் தேடிப் பிடித்து அழுத்தினான். அவன் முகத்தில் இருந்தது நிஜமான சந்தோஷம். அதைப் பார்க்கத்தான் கமலவேணியால் முடியவில்லை.

"தம்பி, அவர நான் கூட்டினு போறேன்" என்றாள்.

"ஏன் அண்ணி? யாராச்சும் இன்னாவாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. தனியா என்னால இருக்க முடியல."

கண்ணையன் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு தடவையாவது 'வேண்டாம்' என்று சொல்வான் என அவள் காத்திருந்தாள். "கல்யாணத்துக்கு மொத நாளே வந்துடணும் அண்ணே" என்றான் அவன். குரலுக்கு அடியில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு இருந்தது. மதிவாணனுக்கும் அது கேட்டிருக்கும்.

செல்வாம்பாள் அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். மாத்திரைகளைத் தனியாகக் கட்டினாள். "நான் எதாச்சும் கொற வெச்சனாக்கா?" என்று கேட்டு அழுதாள். அவள் எந்தக் குறையும் வைக்கவில்லை. கமலவேணி அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

முத்தியால்பேட்டை மாடிப்படியில் அவனுக்குப் பின்னால் அவள் ஏறினாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தடவி ஏறினான். நடுவில் ஒருமுறை நின்று, "பயமா இருக்கு வேணி" என்றான். "நான் கீழதான் இருக்கேன். உழுந்தா எம்மேலதான் உழுவீங்க" என்றாள்.

திங்கட்கிழமைக் காலையில் சோறும் மோரும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். ஒண்ணுக்குப் போகும் டப்பாவைக் கட்டில் காலோரம் வைத்து, அவன் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாள். கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. கதவைச் சாத்திவிட்டு நின்றாள். திறந்து வைத்தால் படி இருக்கிறது.

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"பூட்டினு போ வேணி. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். கண்ணில் நீர் முட்டி, கடைசிப் படிகள் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.