வாலை மறைத்த அட்டை

இருபது எலிகளுக்கும் ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்து, வால் நரம்பில் புற்றுநோய்ச் செல்களை ஏற்றியவள் டாம்ஸின்தான். ஒளிவிடும்படி மாற்றிய செல்கள் அவை. உடம்பில் எங்கே பரவிக் குடியேறினாலும் இருட்டுப் பெட்டிக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். முதல் பத்துக்கு வெறும் உப்புநீர், அடுத்த பத்துக்கு அவளுடைய நாலு வருட உழைப்பான மருந்து.

மூன்று வாரம் கழித்து இன்று படமெடுத்தால், உப்புநீர் எலிகளின் நுரையீரலெல்லாம் எரிகிறது. மருந்து வாங்கியவற்றில் ஐந்து எரிகின்றன, ஐந்து கும்மிருட்டு. ஒரே தீனி, ஒரே மருந்து, பாதிக்கு மட்டும் எப்படிக் கேட்கும்? அவளுக்கு மண்டை காய்ந்தது.

ஆய்வுக்கூடத் தலைவர் டெஸ்மண்டுக்குக் குழப்பமே இல்லை. "அஞ்சு சுத்தமா இருக்கா? அந்தப் படத்தை உடனே அனுப்பு டாம்ஸின்! நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. நோயாளிங்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஒத்துக்குவாங்க," என்று போனில் குதித்தார்.

அடையாளத்துக்காக எலிகளின் காதில் போட்டிருந்த துளைகளை வைத்து எண் பார்த்தாள். இருண்டவை பதினாறு முதல் இருபது வரை, வரிசையாக. இதென்ன கூத்து? மருந்துக்கு எண்ணத் தெரியுமா?

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நரெல் கூண்டு எடுக்க வந்தாள். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"இந்த அஞ்சும் கூண்டுல எப்படி இருக்கு, நரெல்?"

"இந்த மகாராணிங்களா? வால்ல கை பட்டாலே கடிக்க வருதுங்க. பட்டாணி சைஸுக்கு வீக்கம். படிச்ச பொண்ணு, வாலைப் பார்க்கவே இல்லியா?"

பார்க்கவில்லை. ஊசி குத்திய இடத்து வெளிச்சம் மற்றதை மறைத்துவிடும் என்று வால்களின் மேல் கறுப்பு அட்டை வைத்துத்தான் இங்கே எல்லோரும் படமெடுப்பார்கள்.

அட்டையை எடுத்துவிட்டு அந்த ஐந்தையும் மறுபடி படமெடுத்தாள். நுரையீரல் இருட்டு. வால் மட்டும் கண் கூசும்படி எரிந்தது. செல்கள் வாலைவிட்டு நகரவே இல்லை. செல்களை ஏற்றிய அன்று கடைசி ஐந்துக்கு வரும்போது விரல் மரத்துப்போயிருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊசி நரம்பைத் தவறவிட்டிருக்கிறது.

"அப்போ மருந்து?" என்றாள் நரெல்.

மருந்து வாங்கியவற்றில் சரியாகக் குத்திய மற்ற ஐந்தும் பழைய படத்தில் எரிந்துகொண்டிருந்தன. டாம்ஸின் அவற்றைக் காட்டினாள். "என் கை தப்பின இடத்துல மட்டும்தான் ஜெயிச்சிருக்கு."

அட்டையைத் திரும்ப எடுத்து ஒரு கணம் கையில் வைத்திருந்தாள். பிறகு குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, வால் தெரிகிற படத்தை டெஸ்மண்டுக்கு அனுப்பினாள்.