பிளம்பர் வீட்டுக் கோழிகள்

பிளம்பருக்குத் தன் மனைவியின் கோழிகளைக் கண்டால் ஆகாது. ஆனால் அவற்றை அவள் வளர்க்கும் நேர்த்தியைக் கண்டால் அசந்துபோவார். இரண்டும் ஒரே மனுஷனுக்குள் எப்படி இருக்கும் என்று சந்தேகம் வந்தால், கல்யாணமாகி வருஷக்கணக்கானவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அந்த மாதம் கோழிகள் இளைத்துக்கொண்டே போயின. தீனி என்னவோ வஞ்சகமில்லாமல் தின்றன, தின்றது எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. கொண்டை வெளுத்துவிட்டது. தூக்கினால் நெஞ்செலும்பு கையில் குத்தியது. மற்றதையெல்லாம் கொத்தி மிரட்டிக்கொண்டு திரியும் சிவப்புக் கோழிக்கு அந்த வீட்டில் 'அதிகாரி' என்று பெயர். அந்த அதிகாரியே ஒரு மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மனைவி மூக்கைக்கூடப் பொத்தாமல் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். நூல் நூலாகப் புழு நெளிந்தது.

கால்நடை டாக்டரிடம் ஓடினாள். அவர் பூச்சி மருந்து கொடுத்து, குடிக்கிற தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னார். மருந்து உள்ளே போன பிறகு, தான் சொல்லும்வரை அந்த முட்டையையும் கறியையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று கண்டித்தும் அனுப்பினார். அவளும் கலந்து வைத்தாள். மறுநாள் எச்சத்தில் மருந்துக்குச் செத்து விழுந்த புழு ஒன்றைக்கூடக் காணோம். கோழிகளும் தேறவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் டாக்டரைத் திட்டித் தீர்த்திருப்பாள். இவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து, கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவரைக் கூப்பிட்டு, துவைக்கிற கல்லின் பக்கம் கையைக் காட்டினாள். ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுகிற மகானின் வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே குட்டை மாதிரி தண்ணீர். கோழிகள் அங்கேதான் குடித்தன. மருந்துத் தண்ணீர் வைத்த தட்டை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

பிளம்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், மருந்து உள்ளே போகாததும் நல்லதாகப் போயிற்று, மிச்சமிருக்கிற சதையோடு கறிக்கடைக்காரரிடம் தள்ளிவிடலாம் என்றார். சொன்னதோடு நிற்காமல் போன் போட்டு, காலையில் வரச் சொல்லிவிட்டார். மனைவி குழாயை மட்டும் அடைத்துத் தரச் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சல்லவா, ஸ்பானரை எடுத்துக்கொண்டு உடனே இறங்கினார். அவர் அடைத்து முடித்ததும் அவள் குட்டையை மண் போட்டு மூடினாள். இருட்டுவதற்குள் கூட்டில் இருந்த தண்ணீரையும் எடுத்துவிட்டாள்.

விடிந்ததும் அவர் கொல்லைக் கதவைத் திறந்தபோது, கோழிகள் தாகத்தில் புது மருந்துத் தட்டைச் சுற்றி முட்டி மோதிக் குடித்துக்கொண்டிருந்தன. எழுந்து போகத் தெம்பில்லாத அதிகாரியை அவள் மடியில் வைத்துக்கொண்டு, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விடுவாள், அது விழுங்கும்வரை பொறுத்திருப்பாள், பிறகு அடுத்த சொட்டு. அந்தப் பொறுமையைப் பார்த்து அவர் அசந்து நின்றார். கூடவே மனசுக்குள் கணக்கும் போட்டார். இனி மருந்து வேலை செய்யாவிட்டால் கோழியும் போச்சு, விற்கவும் வழியில்லை.

கறிக்கடைக்காரர் கூடையோடு வந்து நின்றார். நல்ல மனுஷர், கேட்க வேண்டியதைக் கேட்கிறவர். "மருந்து கிருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்றார் பிளம்பரைப் பார்த்து.

பிளம்பர் வாயைத் திறந்தார்.

"குடுத்தாச்சுங்க, இப்பத்தான்," என்றாள் மனைவி, மடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இத யாரும் சாப்பிடக் கூடாது. வீணா அலைய வச்சுட்டோம், மனசுல வச்சுக்காதீங்க."

கறிக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வெறுங்கூடையோடு போனார்.

மறுநாள் புழு விழுந்தது. கொத்துக் கொத்தாக விழுந்தது. ஊர்ச் சாக்கடையில் எல்லாம் கை விடுகிற பிளம்பர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவள் நகைக்கடையில் நிற்பவள் போல் குனிந்து பார்த்துப் பூரித்தாள். எச்சத்தையெல்லாம் கூட்டி அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தாள். டாக்டர் சொன்ன கெடுவில் இன்னொரு தடவையும் மருந்து கொடுத்தாள். இடையில் வந்த முட்டைகளும் அதே குழிக்குத்தான் போயின. கொண்டைகளில் மெல்ல இரத்தம் ஏறியது. அதிகாரி எழுந்து, முதல் வேலையாகப் பிளம்பரின் காலைக் கொத்தியது.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, முதல் முட்டையை அவள் அவித்து உரித்து அவர் தட்டில் வைத்தாள். அவருக்கு மனசு நிறைந்திருந்தது. எதையாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

"அன்னிக்கு நீ பட்டுனு உண்மையச் சொன்ன பாரு, உன்ன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு," என்றார்.

அவள் முட்டைக்கு உப்புத் தூவினாள்.

"நீங்க வாயத் தொறக்கறதப் பாத்தேன்," என்றாள். "அதான் நான் முந்திக்கிட்டேன்."