சூடு தெரியாத கை

முதலிபாளையம் வளைவில் வண்டியோடு விழுந்து கழுத்துத் தண்டெலும்பு நொறுங்குகிற வரை ஜெயபாண்டி பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் மனைவி ஜோதிகாவுக்குப் படம் போட்டே சொன்னார்.

"தண்டுவடம் ஒரு பாதிதான் நசுங்கியிருக்கும்மா. இது ரொம்ப அபூர்வம். வலது கை காலுக்குப் பலம் திரும்பறது கஷ்டம். இடது பக்கம் பலம் இருக்கு, ஆனா சூடும் வலியும் தெரியாது."

"வலி தெரியாட்டி நல்லதுதானே சார்?" என்றாள் ஜோதிகா. ஒரு கை பிழைத்தது என்பதுதான் அவள் காதில் விழுந்தது.

அந்தக் கையை நம்பித்தான் பழைய வேலையையே கேட்டு காண்ட்ராக்டர் சண்முகவேலிடம் கெஞ்சினாள். அவரும், "ஒரு நாள் நிக்கட்டும், பார்க்கலாங்க" என்றார். இதுவும் இல்லையென்றால் ஊருக்குப் போய் யார் வாசலில் நிற்பது?

ஜெயபாண்டி மேசையில் இடுப்பைச் சாய்த்து நின்றான். இடது கையாலேயே டீ-சர்ட்டை விரித்து, அதே கையால் இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்த்தான்.

"என்ன மாப்ள, சாமி ஊர்வலம் மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போவுது?" என்றான் பக்கத்து மேசை இசக்கிமுத்து.

"ஒனக்குப் பொண்ணு தேடுற வேகத்துக்கு இது தேவலடா!"

விழுந்த பிறகு அவன் இப்படிப் பேசி ஜோதிகா கேட்டதில்லை. தான் வேலை பார்க்கும் செக்கிங் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். துணியில் ஒரு சுருக்கம் இல்லை.

"பரவால்லீங்களே பாண்டி," என்றார் சண்முகவேல்.

"பாத்தீகளாண்ணே!" பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த துணியை விரித்த கை விரித்தபடி இருக்க, நிமிர்ந்து சிரித்தான்.

வாடை வந்தது.

"ஏதோ கருகுது, துணியப் பாருங்கப்பா!" என்று யாரோ கத்தினார்.

கருகியது துணி இல்லை. பெட்டியின் சூட்டு விளிம்பில் அவன் மணிக்கட்டு சாய்ந்திருந்தது. அவனும் எல்லாரையும் போலத் துணியைத்தான் தேடினான்.

ஜோதிகா ஓடிவந்து கையை இழுத்தாள். தோல் பெட்டியோடு போயிற்று.

சண்முகவேல் ஸ்டீமை நிறுத்தினார். "வேண்டாங்க பாண்டி. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ கண்ணு."

"வலிக்கலையேண்ணே! சத்தியமா வலிக்கல. இவ பக்கத்துல நிக்கட்டும். கை சுட்டா இவ சொல்லட்டும். நிக்கிறேன்னு சொல்லு புள்ள!"

ஜோதிகா தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். நாளெல்லாம் அந்தக் கையையே பார்த்து நின்றாலும், கண் சிமிட்டுகிற நேரம் போதுமே.

தண்ணீர் ஊற்றி, பனியன் துணியைச் சுற்றினாள். மெல்ல, ஊதிக்கொண்டே.

"இறுக்கியே கட்டு," என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "எனக்கென்ன, தெரியவா போவுது?"