பதினான்காம் படி

அலுவலகத்தில் அவளுக்குக் 'காகிதம்' என்று பட்டப்பெயர். மருந்துக்கடைகளுக்கான மென்பொருளின் கையேட்டை இணையத்தில் எத்தனை அழகாகப் போட்டாலும், ஒரு பிரதி அச்சடித்து அனுப்பாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

அந்தப் பிரதியே இப்போது வினையாகிவிட்டது. பதினான்காம் படியில், பழைய பதிவுகளை அழித்துவிட்டு நகல் எடுக்கச் சொல்லியிருந்தது. ஒரு கடைக்காரர் புத்தகத்தில் உள்ளபடியே செய்து ஒரு வருடப் பதிவைப் பறிகொடுத்தார். இணையப் பக்கத்திலோ முதலில் நகல், அப்புறம் அழிப்பு என்று ஒழுங்காக இருந்தது. அப்படியானால் தப்பு அச்சில், பொறுப்பு அச்சடித்தவளுக்கு. மூன்று மணிக் கூட்டத்தில் முதலாளி அவள் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று பேச்சு.

அவளுக்கு ஏதோ இடித்தது. இணையப் பக்கத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல்தானே அச்சடித்தாள்? காலையிலிருந்து தன்னைப் பார்த்துச் சிரித்தவனையெல்லாம் சந்தேகப்பட்டாள். சிரிக்காதவனை இன்னும் அதிகமாக.

பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. எதை மாற்றினாலும் 'சிறு திருத்தம்' என்ற கட்டத்தில் டிக் போடுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம். போட்டால் யாருக்கும் மின்னஞ்சல் போகாது, பட்டியலிலும் தெரியாது. மறைந்த திருத்தங்களையும் காட்டும் பொத்தானை அழுத்தினாள்.

பதினான்காம் படியை முதலில் தப்பாக எழுதியது அத்தான். அக்காவின் கணவர், இந்த வேலையை வாங்கித் தந்தவர், அவளுடைய குழுத் தலைவர். திருத்தியது, நேற்றுக் காலை ஏழு மணிக்கு, அவளேதான்.

ஏழு மணிக்கு அவள் பேருந்தில் நின்றுகொண்டிருந்தாள். பிரசவ விடுப்பில் போனபோது தன் கடவுச்சொல்லை அத்தானிடம் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவரிடம் கேட்டால் மழுப்புவார். அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நேத்து காலையில ஏழு மணிக்கு அத்தான் லேப்டாப்ல உக்காந்திருந்தாரா?"

"ஆமா. ராத்திரி முழுக்கத் தூங்கல பாவம்."

"என் பேர்ல எதையோ மாத்தியிருக்காரு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன். தங்கச்சிதானே, பொறுத்துப்பான்னு."

ஊரையே சந்தேகப்பட்டவள் அக்காவை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

"இதை நீ முதலாளிகிட்ட சொல்லணும்க்கா."

"உனக்குக் கூட்டம் முடிய நேரமாகுமே. பாப்பாவை நானே க்ரெச்லேருந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள் அக்கா.